வண்டிக்காரனுக்கு மஞ்சள் ஸ்டிக்கர்

என்னைக் கண்காணிக்க ஆபீசிலிருந்து வைத்த ஆள் என்றுதான் முதலில் அவளை நினைத்தேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுபவன் நான். மண்ணூரில் வண்டியை எடுத்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாக, வல்லக்கோட்டை திருப்பம் தாண்டிப் போக வேண்டும். மண்ணூரில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பெண்கள்தான் என் வண்டியில் பாதிப் பேர். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். இவள் தூங்க மாட்டாள். கதவை ஒட்டிய முதல் சீட்டில் உட்கார்ந்து, பழுப்புத்தாளில் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைப் பிரிப்பாள். நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புத்தகத்துக்கு மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வேகமாக ஓட்டுகிறேனா, டீசலைத் திருடி விற்கிறேனா என்று பார்த்து மேலே சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கேட்கவும் முடியாது. நான் யாரிடமும் எளிதில் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்த பெண்களிடம் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, "இவன் மூஞ்சியே சரியில்லண்ணே" என்றாள்.

வண்டிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். "மெதுவா பேசும்மா. காதுல வுழுந்துடப் போவுது."

"யாரு காதுல?"

நான் கண்ணால் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, நான் இவனச் சொல்லுதேன்" என்று புத்தகத்தைத் தட்டினாள். "ராஜாவுக்கு மருந்து கலக்குதவன். வந்ததுலருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கான். சும்மா சும்மா சிரிக்கவன நம்பவே கூடாது."

அப்படித்தான் தெரிந்தது, அவள் படிப்பதெல்லாம் மந்திரக் கதைகள் என்று. ராட்சசர்கள், பறக்கும் மிருகங்கள், உலகத்தில் எங்கேயும் இல்லாத ஊர்கள். தமிழிலும் படிப்பாள், இங்கிலீஷிலும் படிப்பாள். மந்திரத்துக்காக அவள் படிக்கவில்லை என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. துரோகி யார் என்று பார்க்கத்தான் படித்தாள். கதை எதுவானாலும் கோட்டைக்குள் ஒருவன் இருந்துகொண்டு வெளியே சேதி சொல்வான். அவனைக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். அதுதான் அவள் சந்தோஷம்.

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனிலிருந்து வரும் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், கழித்துவிட வேண்டியதென்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். மஞ்சள் ஒட்டிய பாகம் ஹோல்டில் கிடக்கும். உள்ளேயும் போகாது, குப்பைக்கும் போகாது. அதே மாதிரி வட்ட ஸ்டிக்கர்களைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு, கதையில் புதிதாக ஓர் ஆள் வந்ததும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுவாள். பெரும்பாலும் மஞ்சள்தான் ஒட்டுவாள்.

புத்தகத்தோடு நிற்கிற பழக்கமும் இல்லை அது. டீக்கடையில் வடையைப் பிட்டு உள்ளே பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். அவள் அறைத்தோழி ஜெபா புத்தாண்டுக்குத் தன் சர்ச்சிலிருந்து பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் கொண்டுவந்து, வண்டியில் ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வாள். எல்லாரும் தங்கள் அட்டையில் என்ன வசனம் என்று பார்த்தால், இவள் எட்டி அடுத்தவர்கள் அட்டையைப் பார்ப்பாள்.

"என்னட்டி பாக்க?" என்பாள் ஜெபா.

"எல்லாத்துலயும் ஒரே வசனத்த அடிச்சு வச்சிருக்கானோன்னு பாத்தேன்."

"ஏசப்பாவுக்கே மஞ்சளா? நீ வெளங்கவே மாட்ட."

எங்கள் கம்பெனிக்குள் போகும்போது செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். வெளியே வரும்போது பையைப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் எந்த வரைபடமும் வெளியே போகக் கூடாது. டிராயிங் என்றால் அதில் ஆபீஸ் சீல் வேண்டும், கையில் பாஸ் வேண்டும். ஒரு சாயங்காலம் பின்கேட்டு செக்யூரிட்டிக்காரர் அவள் பையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார். முதல் பக்கத்திலேயே மதில், வாசல்கள், சுரங்கம், ஆறு என்று ஒரு பெரிய படம்.

"இன்னாம்மா இது?"

"மேப்புண்ணே. கதையில வார ஊரு."

"சீல் எங்க?"

"ஊருக்கு எதுக்குண்ணே சீலு?"

"இந்தா, நக்கலு வேணாம். இது மெயின் கேட்டு, இது நம்ம பின்கேட்டு, இது தண்ணி போற பைப்பு. பிளாண்ட் மாதிரியே கீது. யாருக்கு எத்துகினு போற?"

"அண்ணே, அது பைப்பு இல்ல. ராட்சசப் பாம்பு தூங்குத ஆறு."

"பாம்பு வேற வுட்டுகீறாங்களா?"

நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே ஒரே சிரிப்பு. அவர் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் ஸ்டோரிலிருந்து பாஸ் போட்டு, 'மேப் புத்தகம் ஒன்று' என்று எழுதி வாங்கித்தான் வெளியே கொண்டுவந்தாள். நாங்கள் அவரைக் கிண்டல் செய்தோம். அவள் செய்யவில்லை.

"அவரு சரியாத்தான் கேக்காரு. கோட்டை வாசல்ல இப்பிடி ஒருத்தன் நின்னிருந்தா பாதிக் கதை நடந்தே இருக்காது."

"அப்ப அவருக்குப் பச்சையா?" என்றாள் ஜெபா.

"ரொம்ப உண்மையா இருக்கவனும் சந்தேகந்தான். மஞ்சள்."

"நம்ம டிரைவர் அண்ணனுக்கு?"

"மஞ்சள்."

"பாவம்லாட்டி. வாயே தொறக்காத மனுசன்."

"அதான் சொல்லுதேன். வாய் மூடியிருந்தா காது தொறந்திருக்கும். எந்தக் கதையிலயும் வண்டிக்காரன் மேல ஒரு கண்ணு வைக்கணும். எல்லாரும் அவன் முன்னாடிதான எல்லாத்தயும் பேசுதாங்க?"

நான் கேட்காதது போல ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அந்த மஞ்சள் மனதிலேயே இருந்தது.

அதன் பிறகுதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது.

லைனில் நிற்கும் பெண்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால், அவர்கள் இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வர வேண்டும். அந்த ஆளைக் கம்பெனி போடவில்லை. தண்ணீர் குடிக்காமலேயே ஷிப்ட் முடிப்பார்கள். எல்லாரும் சேர்ந்து மேனேஜரைப் பார்த்துக் கேட்பது என்று வண்டியில் பேசிக்கொண்டார்கள். யார் பேசுவது, என்றைக்குப் போவது, எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. பேசுவதாக ஒப்புக்கொண்ட இரண்டு பெண்களை அதற்கு முன்பே கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வண்டியில் பேசியது ஆபீசுக்கு எப்படிப் போனது? ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தூங்குகிறவர்கள்கூடத் தூங்குவது போல நடிக்கிறார்கள் என்று தோன்றியது. எல்லாரும் இவளிடம் போனார்கள். "நீதான் கதையில கண்டுபுடிப்பல்லா. இதக் கண்டுபுடி."

அவள் செய்ததை எனக்குப் பிறகுதான் சொன்னாள். சந்தேகப்பட்ட மூன்று பேரிடம் மூன்று பொய்யைச் சொல்லியிருக்கிறாள். லைன் லீடர் அக்காவிடம் கைகழுவும் இடத்தில் ஒன்று. எப்போதும் போனில் குசுகுசுக்கும் கடைசி சீட்டுப் பையனிடம் கேண்டீனில் ஒன்று. மூன்றாவது எனக்கு. ஒரு காலை, மண்ணூரில் வேறு யாரும் ஏறுவதற்கு முன் வந்து உட்கார்ந்து, ரகசியம் போலச் சொன்னாள்: "வார செவ்வாக்கெழமை யாரும் கேண்டீன்ல சாப்பிட மாட்டோம்ணே. தட்டைக் கவுத்து வச்சுருவோம்." நான் தலையை ஆட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் கேசரி போட்டார்கள். எச்.ஆர். ஆட்கள் வாசலில் நின்று, "சாப்பிடுங்கம்மா, நல்லா சாப்பிடுங்க" என்று உபசரித்தார்களாம். மற்ற இரண்டு பொய்களுக்கும் எதுவும் நடக்கவில்லை.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது ஒவ்வொருவரும் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். நான் பதில்கூடச் சொல்ல மாட்டேன், தலையை அசைப்பேன். அன்று சாயங்காலம் ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்தது, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன், அடிகூட வாங்கியிருக்கிறேன். அந்தச் செருப்புச் சத்தம் போல எதுவும் என்னை வலித்ததில்லை.

மண்ணூரில் கடைசியாக அவளும் ஜெபாவும் எழுந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

"நான் யாராண்டயும் சொல்லலம்மா" என்றேன்.

"எல்லாக் கதையிலயும் அப்பிடித்தாண்ணே சொல்லுவான்."

"சொல்லாதவனும் அதத்தானேம்மா சொல்லுவான்? வேற இன்னா சொல்லுவான்?"

அவள் படியிலேயே நின்றாள். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்த கை பாதியில் நின்றது போல என்று வேண்டுமானால் சொல்லலாம். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தாள். முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். பாதுகாப்புக்கு என்று சொல்லிச் சில மாதங்களுக்கு முன்னால் மாட்டிய கேமரா.

அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, இறங்கச் சொல்லிச் சைகை செய்தாள். மூன்று பேரும் ரோட்டில் நின்றோம்.

"அண்ணே, அந்தப் பொய்ய நான் எங்க வச்சுச் சொன்னேன்?"

"வண்டிலதான்."

"அந்தப் பொட்டி பேச்சையும் புடிக்குமா?"

"படம் மட்டுந்தான்னு சொன்னாங்கோ."

"யாரு சொன்னா?"

"மாட்டுனவன் சொன்னான்."

"மாட்டுனவன் வேற என்ன சொல்லுவான்!" என்றாள். என் கேள்வியை எனக்கே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

"அப்ப அண்ணன் மேல தப்பில்லட்டி" என்றாள் ஜெபா.

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

அடுத்த நாள் காலை சீக்கிரமே வந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று, வண்டிச் சாவியை ஆனில் விட்டுவிட்டு என்னை எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போகச் சொன்னாள். என் போனையும் வாங்கிக்கொண்டாள். அதோடு விடவில்லை. நான் ஒட்டுக் கேட்காமல் இருக்கிறேனா என்று பார்க்க ஜெபாவையும் கூடவே அனுப்பினாள். கையில் டீ கிளாசோடு நான் கைதி மாதிரி நின்றேன். காலி வண்டிக்குள் அவள் நின்றுகொண்டு புத்தகத்தை விரித்துச் சத்தமாகப் படிப்பது ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து தெரிந்தது. வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை.

"என்னம்மா படிக்குது?" என்று ஜெபாவிடம் கேட்டேன்.

"உங்கட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கா அண்ணே. கோவிச்சுக்காதீங்க. டீக்கு நான் காசு குடுக்கேன்."

மறுநாள் கம்பெனியின் பின்வாசலைப் பார்க்க வண்டியில் எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டினார்கள். ஒரு செக்யூரிட்டி நிற்கும் இடத்தில் ஒரு கூட்டம் நின்றது. சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வரிசையாக வைத்திருந்தார்கள். தீயணைக்கும் சிலிண்டர்கள் வேறு. நம் மீசைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு ஆபீசர் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "சார், எனக்கு எந்தப் பொண்ணையும் தெரியாது சார்! எண்ணெயும் தெரியாது, கொடமும் தெரியாது!" என்று கத்துவது எங்களுக்கே கேட்டது.

இவள் சீட்டில் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கிய பிறகு எனக்குச் சொன்னாள். அவள் படித்தது கோட்டையைப் பிடிக்கும் கட்டம். 'பின்வாசல் காவலன் நம் ஆள். விடிந்ததும் பெண்கள் குடங்களில் எண்ணெய் கொண்டுவருவார்கள். வாசல் எரியும்போது மற்றவர்கள் உள்ளே போகலாம்.' இதைத்தான் காலி வண்டியில், கறுப்புப் பெட்டியைப் பார்த்து, உணர்ச்சியோடு தமிழில் சொல்லியிருக்கிறாள்.

"பாவம் அந்த அண்ணன்" என்றாள். "மேப்பப் புடிச்சவரு, மேப்புக்குள்ளயே மாட்டிக்கிட்டாரு."

அவளைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை; விசாரித்தால் பெட்டிக்குக் காது உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அன்று சாயங்காலம் முதலில் இறங்கியவர் லைன் லீடர் அக்கா. படியில் நின்று, "வாரேம்பா" என்றார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். சிலர் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். நான் தலையை அசைக்கவும் மறந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வண்டியில் யாரும் எதையும் பேசவில்லை. ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிப் போய், அங்கே குளத்துப் படியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஜெபாவும் போனாள், பிரசாதம் மட்டும் வாங்கவில்லை. மறுநாள் மொத்தமாக மேனேஜர் அறைமுன் போய் நின்றார்கள். லைனுக்கு ஒரு மாற்று ஆள் கிடைத்தது. நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களும் திரும்பி வரவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அது படம் மட்டுந்தான் பிடிக்கும் என்று திரும்பவும் சொன்னார்கள்.

வருஷக் கடைசியில் மெஷின்களைப் பழுதுபார்க்கக் கம்பெனியைச் சில நாள் மூடுவார்கள். அதற்கு முந்தின நாள் வண்டியில் கேக் வெட்டுவது வழக்கம். அன்றைக்கு அவள் எழுந்து நின்று, அந்த வருஷம் தனக்கு ரொம்பப் பிடித்த புத்தகங்கள் எவை என்று சொல்வாள். பாதிப் பேருக்கு அதில் அக்கறை இல்லை, கேக்குக்காகக் கேட்பார்கள். அவள் கணக்கு வேறு மாதிரி இருக்கும். தான் துரோகியைச் சரியாகப் பிடித்துவிட்ட புத்தகம் எதுவும் அதில் வராது.

"நான் பச்சை ஒட்டினவன் கடைசியில கத்திய எடுக்கணும். மஞ்சள் ஒட்டினவன் நல்லவனா நிக்கணும். என்னயவே ஏமாத்துச்சு பாருங்க, அதான் புஸ்தகம்."

அந்த வருஷம் மூன்று சொன்னாள். ஒன்றில், மக்கள் தங்கள் நிழலை அடகு வைக்கும் ஊர். குழந்தை ராஜாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கிழவிதான் அங்கே துரோகியாம். இன்னொன்றில் கண் தெரியாத ஒரு பறக்கும் மிருகம். அதை வளர்த்தவள் ஊரெல்லாம் துரோகியைத் தேடுகிறாள், கடைசியில் அந்த மிருகமே துரோகி. மூன்றாவது, கோட்டையும் எண்ணெய்க் குடமும் வரும் புத்தகம். அதில் யார் துரோகி என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆளுல யாரும் உன்ன ஏமாத்தலையா இந்த வருசம்?" என்று ஜெபா கேட்டாள்.

அவள் மோவாயால் என்னைக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

"அப்ப அண்ணனுக்குப் பச்சையக் குடுத்துரு."

"வருசம் இன்னும் முடியலல்லா. பாப்போம்."

அடுத்த வருஷத்தில் அவள் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பச்சை தரவே இல்லை. கடைசி நாள் இறங்கும்போது கோட்டைப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். நல்லவேளை, அது தமிழ்ப் புத்தகம்தான். பிறகு குதிகாலை உயர்த்தி, கறுப்புப் பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தினாள். ரோட்டில் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"கண்ணுக்கு ஒட்டியாச்சு. காதுக்கு நீங்கதாண்ணே ஏதாச்சும் பாத்துக்கிடணும்."

ஸ்டிக்கரை மறுநாளே கிழித்துவிட்டார்கள். இப்போது வண்டியில் புதுப் பெண்கள் வருகிறார்கள். பெட்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. நானாக வாயைத் திறந்து சொல்லவும் எனக்கு வராது, சொன்னால் அதுவும் பெட்டிக்குள் போகும். பின்னால் குரல்கள் தணிந்து, தலைகள் ஒன்றோடொன்று சேர்வது கண்ணாடியில் தெரிந்தால் நான் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ஆளே இல்லாத ரோட்டில் எதற்கு ஹாரன் என்று திட்டுகிறார்கள். அவர்கள் இறங்கிப் போய் டீக்கடையில் பேசத் தொடங்கும்வரை நான் விடுவதில்லை.

ஷிப்ட் விடும்வரை காத்திருக்கும் நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் ஆகிறது. இப்போது கதையில் ஒரு வண்டிக்காரன் வந்திருக்கிறான். வாயைத் திறக்காத ஆள். அவன் பெயருக்குப் பக்கத்தில் அவள் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். நான் திருப்பவில்லை.

ஆனாலும் எல்லாரும் அவன் முன்னால்தான் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். எனக்கும் அவன் மேல் ஒரு கண் இருக்கிறது.